வங்காளிகளின் சாப்பாட்டு ஞாபகம்

வங்காளி எழுத்தாளர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. வயது ஐம்பதைத் தாண்டியதும், சிறு பிராயத்தில் சாப்பிட்டதைப் பற்றி எழுத உட்கார்ந்துவிடுவார்கள். கவி, நாவலாசிரியர், பேராசிரியர் என்ற வித்தியாசம் இதில் கிடையாது. பாதலேரை வங்காளியில் மொழிபெயர்த்த புத்ததேவ் போஸ் போன்ற நவீனக் கவியே வங்காளியின் போஜனக் கலையைப் பற்றித் தனிக் கட்டுரை எழுதியிருக்கிறார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். கடுகை அரைத்துப் பூசி ஆவியில் வேகவைத்த இலிஷ் மீன், குளிர்காலத்தில் ஈச்சமரத்துச் சாற்றைக் காய்ச்சிய புது வெல்லம், நம் பொங்கலை ஒட்டி வரும் பௌஷ சங்கராந்திக்கு அரிசி மாவும் தேங்காயும் சேர்த்துச் செய்யும் பிட்டே, கசப்பில் ஆரம்பித்துத் தித்திப்பில் முடிகிற பந்தி என்று வரிசையாக வரும். மீன் தொடாத வீட்டில் பிறந்த தமிழ் வாசகருக்குக்கூட நாக்கில் ஜலம் ஊறும்.

இந்தக் கட்டுரைகளை நானும் விரும்பிப் படிக்கிறேன். ஆனால் படித்த மறுநாள் அநேகமாக ஒன்றும் மனசில் நிற்பதில்லை. பதார்த்தங்களின் பெயர் ஞாபகம் இருக்கிறது. பரிமாறினது யார், அவள் அப்புறம் சாப்பிட்டாளா, பாத்திரத்தில் அவளுக்கு என்ன மிஞ்சியிருந்தது என்பதெல்லாம் தெரிவதில்லை. கட்டுரையில் இல்லாத இந்த விஷயங்கள் வங்க நாவலில் இருக்கின்றன. த. நா. குமாரஸ்வாமியும் அவர் சகோதரர் சேனாபதியும் செய்த உபகாரத்தால் வங்க நாவல்களைத் தமிழிலேயே படித்து வளர்ந்த தலைமுறை நம்முடையது. அவற்றில் வரும் சாப்பாட்டை நாம் சரியாகக் கவனித்தோமா என்பது சந்தேகம்.

கட்டுரைக்காரர்களின் ஏக்கத்துக்குக் காரணம் இல்லை என்று சொல்ல மாட்டேன். 1947-இல் தேசம் பிரிந்தபோது கிழக்கு வங்காளத்திலிருந்து லட்சக்கணக்கானவர்கள் வீடு, குளம், தோப்பு எல்லாவற்றையும் விட்டுவிட்டு மேற்கே வந்தார்கள். சமையல் பக்குவத்தை மட்டும் யாரும் பறித்துக்கொள்ள முடியவில்லை. பத்மா நதி இலிஷ் உசத்தியா, கங்கை இலிஷ் உசத்தியா என்ற சண்டை இன்னும் ஓயவில்லை. கல்கத்தாவில் ஈஸ்ட் பெங்கால் கால்பந்துக் கோஷ்டி ஜயித்தால் அவர்கள் கட்சிக்காரர்கள் வீட்டில் இலிஷ், மோஹன் பகான் ஜயித்தால் அந்தக் கட்சிக்காரர்கள் வீட்டில் இறால் என்று சம்பிரதாயமே ஏற்பட்டுவிட்டது. 1975-இல் பராக்காவில் கங்கைக்குக் குறுக்கே அணை வந்த பிறகு, முன்பு அலகாபாத் வரை எதிர்நீச்சல் போட்டுப் போன மீன் அணைக்குக் கீழேயே நின்றுவிட்டது. இவ்வளவையும் இழந்தவர்கள் ஜாபிதா போடாமல் என்ன செய்வார்கள்? ஜாபிதாவை இலக்கியம் என்று கொண்டாடும்போதுதான் எனக்கு ஆட்சேபம்.

ரவீந்திரநாத் தாகூரைப் பாருங்கள். ஜோராசாங்கோ மாளிகையில் பிறந்த ஜமீன் குடும்பத்துப் பிள்ளை. அவருடைய பால்ய ஞாபகத்தில் விருந்து மணக்கும் என்றுதான் எதிர்பார்ப்போம். 1912-இல் வெளியான 'ஜீவன ஸ்மிருதி'யில் வருவதோ ஈஸ்வர் என்ற வேலைக்காரன். குழந்தைகளுக்குச் சாப்பாடு போடுகிற பொறுப்பு அவனிடம். தட்டில் லூசிகள் அடுக்கியிருக்கும். நம் பூரி போன்றது, மைதாவில் செய்வது. ஒன்றிரண்டை உயரத்திலிருந்து இலையில் போடுவான். இன்னும் வேண்டுமா என்று கேட்பான். எந்தப் பதில் அவனுக்குப் பிடிக்கும் என்று பையனுக்குத் தெரியும்; வேண்டாம் என்று சொல்லிவிடுவான். அபினிப் பழக்கம் உள்ள ஈஸ்வருக்குப் புஷ்டி தேவைப்பட்டதால் குழந்தைகளின் பாலும் பெரும்பாலும் அவனுக்கே போயிற்று. தாகூர் இதைக் கோபமில்லாமல், சிரித்துக்கொண்டு சொல்கிறார். ஆனாலும் பெரிய வீட்டுப் பிள்ளையின் பசி நமக்குத் தெரிந்துவிடுகிறது.

அதே தாகூர், எண்பது வயதை எட்டும் தறுவாயில், 1940-இல் எழுதிய 'சேலேபேலா'வில் ருசி என்று உருகிச் சொல்லும் ஒரு பதார்த்தம் உண்டு. அண்ணி காதம்பரி, பள்ளிக்கூடம் விட்டு வந்த பையனுக்கு இறால் கறியோடு பழைய சோற்றைப் பிசைந்து, மிளகாய்க் காரம் லேசாகச் சேர்த்துக் கொடுப்பாளாம். அவள் 1884-இலேயே இறந்து போனவள். ஐம்பத்தாறு வருஷம் கழித்துக் கிழவர் ஞாபகம் வைத்திருப்பது இறாலையா, பிசைந்த கையையா என்று நான் கேட்க வேண்டியதில்லை.

இதிலெல்லாம் சிகரம் விபூதிபூஷண் வந்த்யோபாத்யாயர்தான். 1929-இல் புத்தகமாக வந்த 'பதேர் பாஞ்சாலி'யைப் படமாகப் பார்த்தவர்கள் அதிகம், நாவலாகப் படித்தவர்கள் குறைவு. படித்தவர்களும் ரயிலை ஞாபகம் வைத்திருக்கிறார்கள், மோகன்போகை மறந்துவிடுகிறார்கள். மோகன்போக் நம் கேசரிக்கு ஒன்றுவிட்ட சகோதரம். அபு அதைத் தன் வீட்டில் சாப்பிட்டிருக்கிறான். கேட்டால் அம்மா சர்வஜயா மலர்ந்த முகத்தோடு செய்து கொடுப்பாள். ரவையைத் தண்ணீரில் வேகவிட்டுக் கொஞ்சம் வெல்லம் போட்டது. கட்டிக்கு வைக்கிற பற்று மாதிரி இருக்கும். அவனுக்கு அதுவே அமிர்தம். பிறகு ஒரு சமயம் அப்பாவோடு பணக்காரச் சிஷ்யர் ஒருவர் வீட்டுக்குப் போகிறான். அங்கே மோகன்போக் வருகிறது. விரலெல்லாம் நெய்; நடுநடுவே திராட்சை.

இந்த இடத்தில் சாதாரண எழுத்தாளர் என்ன செய்திருப்பார்? இருந்தாலும் அம்மா கைப் பண்டத்துக்கு ஈடில்லை என்று எழுதி நம்மைக் கண்ணைத் துடைத்துக்கொள்ள வைத்திருப்பார். விபூதிபூஷண் அப்படிச் செய்யவில்லை. பணக்கார வீட்டுப் பண்டம்தான் நன்றாக இருக்கிறது. மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். பையனுக்கு அது தெரிகிறது. தெரிந்ததும் அம்மாமேல் இரக்கம் வருகிறது. மோகன்போக் இப்படி இருக்கும் என்று அம்மாவுக்கே தெரியாதோ என்னவோ என்று நினைக்கிறான். தாங்கள் ஏழைகள் என்பது மங்கலாகப் புரிகிறது. வறுமையைப் பற்றி ஒரு பிரசங்கம் இல்லை. ஒரு கிண்ணம் ரவை, அவ்வளவுதான். நாவல் எழுத வருகிற இளைஞர்கள் என்னிடம் யோசனை கேட்டால் இந்தப் பக்கத்தைத்தான் காட்டுவேன்.

அந்த நாவலின் ஆரம்பத்திலேயே ஒரு காலை ஆகாரம் வருகிறது. சாப்பிடுகிறவள் இந்திர் டாக்ருண் என்ற விதவைக் கிழவி. வறுத்த அரிசி மாவு ஒரு கிண்ணம். சிறுமி துர்கா பக்கத்தில் உட்கார்ந்து, கிண்ணத்திலிருந்து வாய்க்குப் போகிற கையையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். மாவு தீர்ந்த பிறகுதான் கிழவிக்கு உறைக்கிறது, குழந்தைக்கு ஒன்றும் வைக்கவில்லையே என்று. பரவாயில்லை, நீ சாப்பிடு என்கிறது குழந்தை. கிழவி தன் வாழைப்பழத்தில் பாதியை ஒடித்துக் கொடுக்கிறாள். பின்னால் அந்தக் கிழவிக்கு அந்த வீட்டிலேயே இடமில்லாமல் போகிறது. விரட்டுகிறவள், ரவையைக் கிளறிக் கொடுக்கிற அதே சர்வஜயா. இரண்டையும் ஒரே ஆளிடம் வைக்க ஆசிரியருக்குத் தைரியம் இருந்திருக்கிறது.

வங்காளத்து மரக்கறிச் சமையலின் நுட்பத்தைப் புகழாத கட்டுரை இல்லை. சுக்தோ, வாழைப்பூ கொண்டு செய்யும் கொண்ட்டோ, வாழைத்தண்டு, கசகசாவில் சமைத்தது எல்லாம் பாட்டிமார்களின் சொத்து என்பார்கள். அந்தப் பாட்டிமார்கள் பலர் சின்ன வயசிலேயே விதவையானவர்கள். மீனும் மாமிசமும் இல்லை. வெங்காயம், பூண்டு இல்லை. மைசூர்ப் பருப்புகூட விலக்கு. நாளுக்கு ஒரு வேளைதான் சோறு. ஏகாதசியன்று தண்ணீரும் கிடையாது. மிஞ்சியதை வைத்துக்கொண்டு அவர்கள் உண்டாக்கியதுதான் அந்தக் கலை. ருசி பொய் என்று நான் சொல்லவில்லை. நம் பக்கத்திலும் நார்மடி கட்டிய அத்தைப்பாட்டியின் குழம்பை மெச்சிச் சாப்பிட்டவர்கள் இருக்கிறோம்; ராத்திரி அவள் வயிற்றுக்கு என்ன என்று கேட்டவர்கள் எத்தனை பேர்? இந்தக் கேள்வி இல்லாத ஏக்கத்தில் எனக்கு நம்பிக்கை இல்லை.

சமைக்கிறவனைக் கதாநாயகனாக வைத்தும் விபூதிபூஷண் ஒரு நாவல் எழுதியிருக்கிறார்: 'ஆதர்ச ஹிந்து ஹோட்டல்'. ராணாகாட் ரயிலடியில் சமையல் வேலை பார்க்கும் ஹாஜாரி டாகூருக்குச் சொந்தமாக ஒரு ஹோட்டல் வைக்க ஆசை. சுகமான புத்தகம்; பசி குறைவு. பசி இருக்கிற புத்தகம் 'அசனி சங்கேத்'. ஆசிரியர் 1950-இல் காலமான பிறகு புத்தகமாக வந்து, 1973-இல் சத்யஜித் ராயின் படமாயிற்று. மீனும் சோறுமாக வளர்ந்தவன் வங்காளி என்று பழமொழி சொல்கிறவர்களின் நாட்டில் 1943-இல் பஞ்சம் வந்தது. 30 லட்சம் பேர் வரை மாண்டதாகக் கணக்கிடுகிறார்கள். பர்மா அரிசி யுத்தத்தால் நின்றது. விலை எட்டாத உயரத்துக்குப் போயிற்று. சோறு கேட்பதை விட்டு வடிகஞ்சி கேட்டு ஜனங்கள் கல்கத்தா வீதிகளில் அலைந்தார்கள். இந்தப் பயங்கரம் நாவலில் உரத்துக் கேட்பதில்லை. ஒரு கிராமம், கங்காசரண் என்ற பண்டித உபாத்தியாயர், அவர் மனைவி அனங்கா. அரிசி ஒவ்வொரு நாளாகக் குறைகிறது. கடைசியில் மோதி என்ற தாழ்த்தப்பட்ட ஜாதிப் பெண் பட்டினியால் சாகிறாள். அந்த ஊரில் அதுதான் முதல் சாவு.

அதற்கு முன்னால் பெண்கள் சேர்ந்து காட்டுக்குள் போய் மேட்டே ஆலு என்ற காட்டு வள்ளிக்கிழங்கைத் தோண்டுகிறார்கள். இந்தக் கொடியை விபூதிபூஷண் வாசகர் முன்பே பார்த்திருக்கிறார். 'பதேர் பாஞ்சாலி'யில் துர்காவும் அபுவும் தோப்புக்குள் கூட்டாஞ்சோறு ஆக்கும்போது, இதன் கொடியில் காய்த்ததைத்தான் பறித்து வேகவைக்கிறார்கள். விளையாட்டுக்கு மண் சோறு ஆக்கிப் பழகிய குழந்தைகள் முதல் தடவையாக நிஜச் சோறு வடிக்கிறார்கள். கத்தரிக்காய் பாதி கருகிப்போயிற்று. உப்பே இல்லை. முதல் கவளத்தைப் பயந்துகொண்டே வாயில் வைத்த அபுவுக்குத் தாங்க முடியாத ஆச்சரியம்.