வெள்ளம் வடிந்தது, கணக்கு எங்கே?

பெருமழை பெய்தால் ஊரெல்லாம் நனைகிறது. ஊழல் மட்டும் நனைவதில்லை. அது குடை பிடித்துக்கொள்கிறது! அந்தக் குடையை எடுத்துக் கொடுப்பவர் யார்? வேறெவருமல்லர் தோழர்களே, நாமேதான்.

2015 நவம்பர் 23ஆம் நாள், சென்னை உயர்நீதிமன்றத்தில் ஓர் அறிக்கை அளிக்கப்பட்டது. அளித்தவர் உ. சகாயம். நாமக்கல் மாவட்டத்தார்க்குப் புதியவரல்லர். இங்கே ஆட்சித் தலைவராக இருந்தபோது, 2009இல், தம் சொத்துக் கணக்கை ஊரறிய வெளியிட்டவர். பின்னர் மதுரைக்குச் சென்றார். அங்கே நடந்த கிரானைட் கொள்ளை குறித்து 2012இல் அரசுக்கு எழுதினார். அதே ஆண்டில் இடமாற்றம் வந்தது! 2014இல் உயர்நீதிமன்றமே அவரைச் சட்ட ஆணையராக அமர்த்தி, ஆராய்ந்து கூறுமாறு பணித்தது.

2015 செப்டம்பரில், நரபலிப் புகார் எழுந்த இடத்தைத் தோண்டுவதற்கு முன்பு தடயம் அழிந்துவிடக் கூடாதென்று, மேலூர் அருகே சுடுகாட்டிலேயே ஓர் இரவைக் கழித்தார். அன்று நாடே அதைப் பேசிற்று. தேநீர்க் கடை தோறும் அதுவே விவாதம். இரண்டு திங்கள் சென்று அறிக்கை வந்தது. ஒரு இலட்சம் கோடி ரூபாய்க்கும் மேல் இழப்பு என்றது. மத்தியப் புலனாய்வுத் துறை விசாரிக்க வேண்டும் என்றது. நாடு கொந்தளித்திருக்க வேண்டாமா?

கொந்தளித்தது வானம்! டிசம்பர் முதல் நாள் சென்னை மூழ்கிற்று. அடையாறு கரை கடந்தது. 1878இல் தொடங்கப்பட்ட 'இந்து' நாளேட்டின் சென்னைப் பதிப்பே மறுநாள் வெளிவர இயலவில்லை. அந்தப் பருவமழையில் தமிழகமெங்கும் 400க்கும் மேற்பட்ட உயிர்கள் மாண்டன. அப்போது மாணவராயிருந்த நாம், நம் ஊரில் வீடு வீடாகச் சென்று அரிசியும் போர்வையும் திரட்டினோம். கிரானைட் பற்றிய பேச்சு? ஒரு கிழமைக்குள் மறைந்தே போயிற்று. வெள்ளத்தை ஒட்டி எழுந்த சினமும், நிவாரணப் பொதிகளில் முதல்வர் படம் ஒட்டியது சரியா என்ற பூசலிலே பாதி கரைந்தது.

"மக்கள் தத்தளிக்கும்போது குவாரிக் கணக்கா கேட்பது?" என்று கேட்பார்கள் சிலர். கேட்க வேண்டிய கேள்விதான். மூழ்குவோனுக்கு முதலில் கயிறு. அதில் நமக்கு ஐயமில்லை. ஆனால், கயிறு வீசிய கை கரையேறிய பின்னும் கணக்கேட்டைத் தொடவில்லையே, அதுதான் நம் குற்றச்சாட்டு.

மக்கள் மறப்பர் என்பதை ஆள்வோர் அறிவர். 2001 செப்டம்பர் 11ஆம் நாள், நியூயார்க்கில் கோபுரங்கள் தாக்கப்பட்ட சில மணி நேரத்திற்குள், இங்கிலாந்து அரசின் ஆலோசகர் ஜோ மூர் என்பார், வெளியிடத் தயங்கும் செய்திகளைப் புதைத்துவிட இதுவே நல்ல நாள் என்று அலுவலகத்தாருக்குக் கடிதம் விடுத்தார். அக்கடிதம் வெளிப்பட்டது, கண்டனம் எழுந்தது, 2002இல் பதவி விலகினார். அங்கே ஒருவர் எழுதி மாட்டிக்கொண்டார். எழுதாமலே அதைச் செய்வோர் எத்தனை பேரோ!

நம் ஏடுகள் வழங்கும் ஒரு சொல்லும் அவர்களுக்குத் துணை நிற்கிறது: "இயற்கையின் சீற்றம்." மழைக்குச் சினம் ஏது? சினந்தது இயற்கை என்றால் தண்டிப்பது தெய்வம்; தெய்வம் தண்டித்தால் அமைச்சரைக் கேட்பானேன்? ஒரு சொல்லிலே பழியனைத்தும் விண்ணுக்கு ஏறிவிடுகிறது! 2018இல் சட்டமன்றத்தில் வைக்கப்பட்ட தலைமைக் கணக்குத் தணிக்கை அறிக்கையோ, அந்த வெள்ளத்தை மனிதரால் விளைந்த பேரிடர் என்றே குறித்தது. விண்ணுக்கு அனுப்பிய பழி மண்ணுக்குத் திரும்பி வர இரண்டரை ஆண்டு ஆயிற்று.

ஊழல் ஒரு செய்தி, வெள்ளம் வேறொரு செய்தி என்று நாம் பிரித்தோமே, அதுதான் பிழை. கண்மாயையும் வாய்க்காலையும் கழிவுக் கற்களால் தூர்த்தார்கள் என்பது மேலூர் வட்டார மக்களின் புகார். ஏரியும் நீர்வழியும் கட்டடங்களாக மாறியது சென்னையின் கதை. நீரின் இடத்தை மனிதன் விழுங்கியதும், அதை அதிகாரம் பார்த்துக்கொண்டிருந்ததும் ஈரிடத்தும் ஒன்றே. முன்னதை மறக்கச் செய்த வெள்ளம், உண்மையில் அதற்குச் சாட்சி சொல்ல வந்தது. நாமோ சாட்சியைப் பார்த்துக் கண்ணீர் விட்டோம்; வழக்கை மறந்தோம்.

வேறு விதமாகவும் நடந்ததுண்டு. 1956 நவம்பர் 23ஆம் நாள், அரியலூர் அருகே மருதையாற்று வெள்ளத்தில் பாலம் சிதைந்து, தூத்துக்குடி விரைவு வண்டி கவிழ்ந்தது. நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். ஆறு பெருகிற்று, யார் என் செய்வது என்று தமிழகம் வாளாவிருக்கவில்லை. பாலத்தைப் பார்த்தது யார், வண்டியை விட்டது யார் என்று கேட்டது. இரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பொறுப்பேற்றுப் பதவி துறந்தார். அதே நவம்பர் 23! அன்று வெள்ளம் அமைச்சரவையின் கதவைத் தட்டிற்று. 2015இல் வெள்ளம் நீதிமன்றத்து அறிக்கையை மூடிற்று. வேறுபாடு நீரில் இல்லை, நம்மில்.

சேர்வராயன் மலையில் பெய்யும் மழை திருமணிமுத்தாற்றில் இறங்கிச் சேலத்தைக் கடந்து நாமக்கல் மாவட்டத்துக்கு வருகிறது. நாளை அந்நீர் வீட்டுக்குள் புகுந்தால், எத்தனை அங்குல மழை என்று மட்டும் கேளாதீர். ஆற்றின் அகலம் எங்கே போயிற்று என்றும் கேளுங்கள்.

நம் படிப்பகம் ஒவ்வொன்றிலும் ஒரு கரும்பலகை வேண்டும். நாம் அன்றாடம் வகுப்பில் எழுதி அழிப்பது போன்றதன்று, அழிக்கப்படாத பலகை. இன்ன நாளில் இன்ன முறைகேடு வெளிப்பட்டது, இன்ன நிலையில் நிற்கிறது என்று அதில் இருக்கட்டும். புயல் வரும்போது பலகையை விட்டுவிட்டு ஓடுங்கள், உதவுங்கள், உயிர் காத்திடுங்கள். நீர் வடிந்ததும் திரும்பி வந்து, விட்ட வரியிலிருந்து படியுங்கள்.