நாடற்றவர் என்ற சொல்

பழைய கதை ஒன்றைத் தொகுதியில் சேர்ப்பதற்காகத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தேன். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தைப் பற்றிய கதை. ‘நாடற்ற அந்த ஜனங்கள்’ என்று அதில் ஒரு வாக்கியம். எழுதியபோது ரொம்ப உருக்கமாக இருப்பதாக நினைத்திருப்பேன். இப்போது அடித்துவிட்டேன்.

தமிழில் நாடு என்றால் மண்ணும்தான், ராஜாங்கமும்தான். வந்த வினை அதுதான். 1948-ல் இலங்கைப் பார்லிமெண்டு செய்த சட்டம் மலைநாட்டுத் தொழிலாளியைக் கேட்டது: உன் தகப்பன் இங்கே பிறந்தானா? இல்லையென்றால் பாட்டனும் பூட்டனும் பிறந்தார்களா? அத்தாட்சி எங்கே? லயத்து அறையில் பிறந்தவன் தகப்பனுடைய பிறப்புக் காகிதத்துக்கு எங்கே போவான்? பிரஜாவுரிமை போயிற்று, மறு வருஷம் வோட்டும் போயிற்று. மலை மட்டும் எங்கும் போய்விடவில்லை. விடிந்தால் அதே பெரட்டுக்களம், அதே கொழுந்துக் கூடை. போனது உரிமை, நாமோ நாடு போயிற்று என்று எழுதினோம்.

இலக்கியத்துக்கும் இதில் பங்கு உண்டு. புதுமைப்பித்தனின் ‘துன்பக்கேணி’யில் மருதி திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோட்டத்துக்குப் போகிறாள். அருமையான கதை. மருதிக்கு ஊர் இக்கரையில் இருப்பது நியாயம். அவளுக்குப் பின்னால் எழுத வந்தவர்கள், நான் உள்பட, அவள் பேத்தியையும் மருதியாகவே எழுதினோம். தோட்டம் என்றால் அக்கரை, கண்ணீர், ஊர் திரும்பும் ஏக்கம். ஹட்டனில் பிறந்த பெண்ணுக்கு எந்த ஊரை நினைத்து ஏக்கம்? 1964 அக்டோபரில் சாஸ்திரியும் சிறிமாவோவும் 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பங்கு போட்டார்கள். (மிச்சம் ஒன்றரை லட்சத்தை 1974-ல் சரிபாதியாகப் பிரித்தார்கள். பாகப்பிரிவினையில் பாத்திரம் பண்டம் மாதிரி!) வந்தவர்களுக்குச் சர்க்கார் சூட்டிய பெயர் ‘தாயகம் திரும்பியோர்’. எங்கள் கதைகளும் அதைத்தானே சொல்லியிருந்தன?

அப்படித் ‘திரும்பிய’ பலர் ராமேசுவரத்தில் இறங்கும்வரை இந்த மண்ணை மிதித்ததில்லை. நீலகிரியில் அவர்களுக்கு வேலை கொடுக்கச் சர்க்காரே தேயிலை பயிரிட்டது. அங்கே ஊரார் அவர்களைச் ‘சிலோன்காரர்’ என்றார்கள். இலங்கையில் தங்கியவர்களையோ 1911-ம் வருஷத்து ஜனக்கணக்கிலிருந்தே ‘இந்தியத் தமிழர்’ என்று தனியாக எழுதி வந்தார்கள்.

சி. வி. வேலுப்பிள்ளை தோட்டத்திலே பிறந்தவர். 1947-ல் தலவாக்கலையிலிருந்து பார்லிமெண்டுக்குப் போனவர். அவரும் ஒரு புத்தகத்துக்கு ‘நாடற்றவர் கதை’ என்று பெயர் வைத்தார், வாஸ்தவம். ஆனால் ஒரு நாவலுக்கு ‘வீடற்றவன்’ என்று வைத்தாரே, அந்தப் பெயரில்தான் எனக்கு மோகம். லயம் தோட்டத்துச் சொத்து. வேலை போனால் அறையும் போகும். அந்தக் குறையைச் சொல்ல ராஜதந்திரிகளின் அகராதி வேண்டியதில்லை. 2003-ல் ஒரு சட்டம் வந்து, 1964 முதல் அங்கே குடியிருந்தவர்களுக்கும் அவர்கள் சந்ததிக்கும் பிரஜாவுரிமை கொடுத்தது. நாடற்றவர் என்ற சொல் அத்துடன் ஓய்வு பெற்றது. லயங்களோ இன்னும் இருக்கின்றன.

அடித்த இடத்தில் ‘வோட்டுப் பறிபோன அந்த ஜனங்கள்’ என்று எழுதினேன். உருக்கம் குறைந்துவிட்டது. அச்சுக்கு அப்படியே அனுப்பிவிட்டேன்.