ஐப்பசியை வரைகிறவர்களுக்கு

இலையுதிர் காலம் என்று சொல்லி நீர்வண்ணத்தில் மஞ்சள் மரங்களாக வரைந்து தள்ளுகிறார்கள் நம்ம ஊர் ஓவிய மாணவர்களும். காவிரிக்கரையில் எந்த மரம் அப்படி உதிர்ந்தது? திருச்சிக்கு அது ஐப்பசி. தண்ணீரும் சேறுமான மாதம். எம்.ஏ.வில் இதைக் கூதிர் என்று படித்தேன், குறிஞ்சிக்குரிய பெரும்பொழுது. மருதத்துக்கு உரிப்பொருள் ஊடல். எங்க அம்மாவுக்கு ஐப்பசியில் உரியது சேற்றுப்புண்.

1792இல் தாமஸ் டேனியலும் அவருடைய சகோதரர் மகன் வில்லியமும் தென்னாட்டுப் பயணத்தில் திருச்சி வந்தார்கள். காவிரியிலிருந்து பார்த்த மலைக்கோட்டைக் காட்சி அவர்களுடைய 'ஓரியண்டல் சீனரி'யில் அச்சானது. அச்சின்மேல் கையால் தீட்டிய நீர்வண்ணம். ஒளி அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் டேனியல்களின் நிலக்காட்சிகளில் மனிதர்கள் பெரும்பாலும் பொடிப்பொடியாகத்தான் இருக்கிறார்கள். பாறை எவ்வளவு பெரிசு, கோபுரம் எவ்வளவு உசரம் என்று காட்ட வைத்த அளவுகோல். கோபுரத்தைத் தூர நின்று பார்ப்பது அவர்களுக்கு ரசனை. 1939இலும் 1947இலும் ஆலயப் பிரவேசச் சட்டங்கள் வரும்வரை நமக்கு அது விதி.

அடுத்த நூற்றாண்டில் இதே திருச்சியில் உள்ளூர் ஓவியர்கள் மைக்காத் தகட்டில் (நம்ம சனம் காக்காப்பொன் என்பது) படம் எழுதி வெள்ளைக்காரர்களுக்கு விற்றார்கள். சாதிக்கு ஒரு படம், தொழிலுக்கு ஒரு படம். இங்கே ஆட்கள் பெரிசாக, தொழிற்கருவியோடு நிற்கிறார்கள். ஆனால் பல படங்களில் பின்னால் வயல் கிடையாது, வெறும் தகடு. இன்னொரு வகை இருக்கிறது, அது எனக்குப் பிடிக்கும்: அட்டையில் ஒரே ஒரு தலை. முகத்துக்கு மட்டும் இடம் விட்டு உடைகளை எழுதிய மைக்காத் தகடுகளை அதன்மேல் மாற்றி மாற்றி வைக்கலாம். ஒரே தலை அத்தனை சாதிக்கும் பொருந்துகிறது! வாங்கிப்போன துரைமார் இதை விளையாட்டு என்று நினைத்திருப்பார்கள்.

ஆக, நிலம் ஒரு படத்தில், அதில் உழைத்தவர்கள் இன்னொரு படத்தில். இன்றைய நிலக்காட்சியும் இந்தப் பிரிவினையைத்தான் அழகியல் என்கிறது. ஐப்பசிக் காவிரி புனிதமென்று அம்மாமண்டபத்திலிருந்து தங்கக்குடத்தில் யானைமேல் ஸ்ரீரங்கம் பெருமாளுக்குத் தண்ணீர் போகிறது. அதே காவிரி வாய்க்கால் வழியாக வந்து களையெடுக்கும் எங்க பொம்பளைங்க முழங்காலில் நிற்கிறது. முதலாவதை வரைய ஆள் உண்டு.

நீர்வண்ணம் இந்த மாதத்துக்கென்றே வந்த ஊடகம். ஈரத்தாளில் ஒரு நிறம் இன்னொன்றுக்குள் இறங்கிவிடும், தடுக்க முடியாது. தம்பிகளே, தங்கச்சிகளே, குனிந்திருக்கிற அந்த முதுகுகளை முதலில் வரையுங்கள். தாளில் மிச்சமிருந்தால் கோபுரத்தைப் பார்த்துக்கொள்ளலாம்.