சோழர் கப்பலும் மொகிதீனின் மணியும்

பென்ரோஸில், கிரேட் சவுத் வீதிக்குப் பக்கத்தில் உள்ள ஒரு வாடகை மண்டபத்தில் சனிக்கிழமை தோறும் எங்கள் தமிழ் வகுப்பு நடக்கும். மூன்று வருடங்களுக்கு முன்னர், பத்து முதல் பதின்மூன்று வயது வரையான பிள்ளைகளுக்காக நான் அங்கே ஒரு சரித்திரக் கதை எழுதிக் கொடுத்தேன். நான்கு பக்கம். தலைப்பு ‘சோழர் மணி’. இராஜேந்திர சோழன் 1025இல் கடாரத்தின் மீது அனுப்பிய படையில் போன மாலுமி ஒருவன் புயலில் திசை தவறி, தென்கடலில் மாதக்கணக்காக அலைந்து, நியூசிலாந்துக் கரையில் ஒதுங்குகிறான். அவனுடைய கப்பலின் வெண்கல மணியைப் பல நூற்றாண்டுகளுக்குப் பிறகு மாவோரி மக்கள் கண்டெடுக்கிறார்கள். கதை அவ்வளவுதான். பெற்றோருக்கு நன்றாகப் பிடித்திருந்தது. ஆண்டு விழாவில் நாடகமாகவும் போடலாம் என்றார்கள்.

வகுப்பில் ஒரு பிள்ளை மட்டும் கையை உயர்த்தினாள். வீட்டில் கைபேசியில் தேடிப் பார்த்திருக்கிறாள். “மாமா, அந்த மணியில மொகிதீன் எண்டு பேர் எழுதியிருக்காம். சோழ ராசாவிட்ட மொகிதீன் எண்டு ஒரு மாலுமி இருந்தவரோ?”

“அது வேற கதை பிள்ளை, பிறகு சொல்றன்” என்று அடுத்த பாடத்துக்குப் போய்விட்டேன். அந்தப் பதிலை நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது. இந்தக் கட்டுரை அன்று சொல்லாமல் விட்ட அந்தப் ‘பிறகு’. இளையோருக்குச் சரித்திரம் எழுதுவது பற்றிப் பேசத் தொடங்கும் நான், முதல் குற்றவாளியாக என்னையே கூண்டில் நிறுத்துவதுதான் முறை.

மணியைப் பற்றித் தெரிந்ததைச் சொல்கிறேன். வில்லியம் கொலென்ஸோ என்ற மிஷனரி 1834இன் கடைசியில் அச்சு இயந்திரத்தோடு நியூசிலாந்துக்கு வந்தவர். 1836-37 அளவில், வாங்கரேய்க்கு அருகே மாவோரிப் பெண்கள் ஒரு வெண்கலப் பாத்திரத்தில் உருளைக்கிழங்கு அவிப்பதைக் கண்டார். உற்றுப் பார்த்தால் அது பாத்திரமல்ல. விளிம்பு உடைந்துபோன மணியின் மேற்பகுதி. சுற்றிவர அவருக்குத் தெரியாத எழுத்து. பெரிய மரம் ஒன்று காற்றில் சாய்ந்தபோது வேரடியில் கிடைத்தது என்று அவருக்குச் சொன்னார்கள். அவர் ஓர் இரும்புச் சட்டியைக் கொடுத்து மணியை வாங்கிக்கொண்டார். அவர் 1899இல் காலமான பின் அது அரசு அருங்காட்சியகத்துக்குப் போனது. இன்று வெலிங்டனில் தே பாப்பாவின் சேகரிப்பில் இருக்கிறது. எழுத்து தமிழ். சொல்லும் செய்தி ஒரே வரி: இது மொகிதீன் வக்குசு என்பவரின் கப்பல் மணி.

எழுத்தின் அமைப்பைக் கொண்டு மணிக்கு ஏறத்தாழ 500 வயது இருக்கலாம் என்று சிலர் கணித்தார்கள். அவ்வளவு பழையதல்ல என்போரும் உண்டு. கூடிய வயதையே ஏற்றுக்கொண்டாலும் கணக்கு இலகுவானது. சோழப் பேரரசு 1279 அளவில் முடிந்துவிட்டது. மணி வார்க்கப்பட்டபோது சோழர் இல்லை. நான் எழுதிய கதையின் முதற் பக்கமே பொய்.

கற்பனை செய்ததற்காக நான் வருந்தவில்லை. சரித்திரக் கதையில் கற்பனை இல்லாமல் முடியாது. மணியில் தெளிவாக எழுதப்பட்டிருந்த ஒரேயொரு மனிதப் பெயரை அழித்துவிட்டு, அந்த இடத்தில் எனக்குப் பிடித்த அரசனைக் கொண்டுபோய் வைத்ததுதான் பிழை. சான்று மௌனமாக இருக்கும் இடத்தில் எழுத்தாளன் பேசலாம். சான்று வாய்திறந்து பேசும் இடத்தில் அதன் வாயைப் பொத்த அவனுக்கு உரிமை இல்லை.

தமிழில் சரித்திர நாவலின் தொடக்கத்தில் நிற்பவர் நம்முடைய திருகோணமலைக்காரர். த. சரவணமுத்துப்பிள்ளையின் ‘மோகனாங்கி’ 1895இல் வெளிவந்தது. மதுரை நாயக்கர், தஞ்சை நாயக்கர் காலத்தைக் களமாகக் கொண்ட கதை. அதற்குப் பிறகு அரை நூற்றாண்டு கழித்து வந்த கல்கிதான் சரித்திர நாவலை வீட்டுக்கு வீடு கொண்டுபோனார். 1950 முதல் 1954 வரை தொடராக வந்த ‘பொன்னியின் செல்வன்’ சிறுவருக்கென்று எழுதப்பட்டதல்ல. ஆனாலும் பாடசாலைப் பருவத்தில் அதை வாசித்தவர்கள்தான் நம்மில் அதிகம். நான் பதின்மூன்று வயதில், பெட்டரோல்மக்ஸ் வெளிச்சத்தில், கட்டட்ட கல்கிப் பக்கங்களில் வாசித்தேன்.

கல்கியிடம் இருந்த ஒரு நேர்மையை நாம் பிள்ளைகளுக்குக் கடத்தவில்லை என்பது என் குறை. ஆதித்த கரிகாலன் கொலை செய்யப்பட்டான் என்பதற்கு உடையார்குடிக் கல்வெட்டுச் சான்று. இரவிதாசன் முதலானோரின் பெயரும் அவர்களின் சுற்றத்தாருடைய நிலம் பறிக்கப்பட்டதும் அதில் உண்டு. வந்தியத்தேவனின் பெயரும் கல்வெட்டில் வருகிறது. நந்தினியோ முழுக்கக் கல்கியின் படைப்பு. இத்தனை பாகம் எழுதிய பிறகும், யாருடைய கை அந்தக் கத்தியைப் பாய்ச்சியது என்பதைக் கல்கி அறுதியிட்டுச் சொல்லவில்லை. சான்று நின்ற இடத்தில் அவரும் நின்றுகொண்டார். சுருக்கிச் சொல்லும்போது முதலில் வெட்டுப்படுவது இந்தத் தயக்கம்தான். “கொன்றது இவர்தான்” என்று ஒரே வரியில் முடித்துவிட்டால் பக்கம் மிச்சம். ஆனால் பிள்ளைக்குக் கிடைக்க வேண்டிய மிகப் பெரிய பாடம் அந்த வெட்டில் போய்விடுகிறது: ஆயிரம் வருடங்களுக்கு முந்திய ஒரு கொலை நமக்கு இன்னமும் முழுதாகத் தெரியாது, தெரிந்த அளவும் ஒரு கோயிற் சுவரில் யாரோ வெட்டிவைத்ததால் தெரிந்தது.

பொன்னியின் செல்வன் முடிந்த அதே 1954இல் இங்கிலாந்தில் ரோஸ்மேரி சட்கிளிஃப் ‘ஒன்பதாம் படையணியின் கழுகு’ என்ற இளையோர் நாவலை எழுதினார். ரோமப் படையணி ஒன்று வரலாற்றிலிருந்து மறைந்த செய்தி ஒருபுறம். சில்செஸ்டர் அகழ்வில் கிடைத்த, இறக்கையில்லாத வெண்கலக் கழுகு மறுபுறம். இரண்டையும் தாம் முடிச்சுப் போட்டதாக முன்னுரையிலேயே அவர் சொல்லிவிடுகிறார். பின்னால் வந்த ஆய்வாளர்கள் அந்தக் கழுகு படையணிச் சின்னமே அல்ல என்றார்கள். படையணி வடக்கே அழிந்தது என்பதையும் சந்தேகித்தார்கள். நாவல் சாகவில்லை. எது கிடைத்தது, எது தன் ஊகம் என்று வாசிக்கும் பிள்ளையிடம் மறைக்காத எழுத்து, வரலாறு திருத்தப்பட்ட பிறகும் நின்றுபிடிக்கும். என் ‘சோழர் மணி’ ஒரு சிறுமியின் ஒற்றைக் கேள்விக்கே சரிந்து விழுந்தது.

அண்மைக் காலத் தமிழில் எனக்கு நம்பிக்கை தந்த புத்தகம் உதயசங்கரின் ‘ஆதனின் பொம்மை’. கீழடியைப் பின்னணியாகக் கொண்ட இந்தச் சிறார் நாவலுக்கு 2023இல் சாகித்திய அகாதெமியின் பால சாகித்திய புரஸ்கார் கிடைத்தது. கீழடியில் கிடைத்த பானை ஓடுகளில் கீறப்பட்ட பெயர்களில் ஆதன் என்பதும் ஒன்று. தன் பானையில் தன் பெயரைக் கீறிவைத்த ஒரு மனிதன். அரசனென்று சொல்ல எந்தச் சான்றும் இல்லை. அரண்மனையையும் போர்க்களத்தையும் விட்டுவிட்டு, ஒரு பெயரையும் ஒரு பொம்மையையும் பிடித்துக்கொண்டு ஒரு சிறார் நாவல் நடக்க முடியும் என்பதே நமக்குப் புதிய செய்தி. பானையில் ஆதன், மணியில் மொகிதீன். இருவரும் தம் பொருளில் தம் பெயரை எழுதியவர்கள். ஒருவரைக் கொண்டாடிவிட்டு மற்றவரை மறைப்பதற்கு எந்த நியாயமும் இல்லை.

பிள்ளைகள் இங்கே பாடசாலையில் வாசிக்கும் நூல்களையும் நாம் பார்க்க வேண்டும். தானியா ராக்ஸ்பரோவின் ‘பாஸ்டியன் பாயிண்ட்’, ஒரு சிறுமியின் நாட்குறிப்பாக எழுதப்பட்ட நாவல். களம் தகபரவா. எங்கள் மண்டபத்திலிருந்து காரில் போனால் அதிக நேரம் எடுக்காது. தங்கள் நிலம் விற்கப்படுவதை எதிர்த்து, 1977 ஜனவரி 5 முதல் நாத்தி ஃபாதுவா மக்கள் அங்கே குடியிருந்து போராடினார்கள். 1978 மே 25இல் பொலிசும் இராணுவமும் வந்து அகற்றின. 222 பேர் கைதானார்கள். தன் நாட்டு அரசு செய்த அநியாயத்தை, அந்த நாட்டுப் பிள்ளைகளுக்கே, ஒரு சிறுமியின் குரலில் சொல்லும் துணிவு அந்த நூலுக்கு இருக்கிறது. 2023 முதல் இந்த நாட்டுப் பாடசாலைகளில் நியூசிலாந்து வரலாறு பத்தாம் ஆண்டு வரை கட்டாயப் பாடமாக்கப்பட்டது. திங்கள் முதல் வெள்ளி வரை இப்படியான வரலாற்றைப் படிக்கும் பிள்ளைக்கு, சனிக்கிழமை நாங்கள் வெற்றி மட்டுமே நிறைந்த ஒரு வரலாற்றைக் கொடுக்கிறோம். பிள்ளை இரண்டையும் ஒப்பிடாது என்று நினைப்பது நம்முடைய அறியாமை.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு. அதை லேசாகத் தள்ள முடியாது. வகுப்பில் ஒரு தாய் என்னிடம் சொன்னார்: “அண்ணை, இஞ்ச என்ர பிள்ளை வகுப்பில ஒராள்தான் தமிழ். அவனுக்குத் தலை நிமிர ஏதாவது வேண்டாமே? சோழரையும் எடுத்துப்போட்டா மிச்சம் என்ன இருக்கு?” நாட்டை விட்டு வந்தவர்களின் வலி இந்தக் கேள்வியில் இருக்கிறது. ஆனால் முதல் கேள்வியிலேயே உடையும் பெருமை பிள்ளையைக் காப்பாற்றாது. வகுப்பில் தனியாக நிற்கும்போது கைவிட்டுவிடும். சோழரை எடுத்துப்போடச் சொல்லவும் இல்லை. இராஜேந்திரனின் கடற்படை உண்மை. அதற்குரிய நூற்றாண்டில் வைத்துச் சொல்வோம். மணிக்குரிய நூற்றாண்டில் மொகிதீனைச் சொல்வோம். தமிழில் பெயர் பொறித்து, இஸ்லாமியப் பெயர் தாங்கி, கடலோடிய ஒருவர். காயல்பட்டினம், கீழக்கரை, நாகூர் என்று நீளும் கரையில் மரைக்காயர்களின் கப்பல்கள் நூற்றாண்டுகளாக ஓடியிருக்கின்றன. தமிழ் என்பது எவ்வளவு பெரிய வீடு என்று ஒரு பிள்ளைக்குக் காட்ட இதைவிட என்ன வேண்டும்?

மொகிதீனை அழித்தது எனக்கு ஏன் இவ்வளவு உறுத்துகிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். நான் யாழ்ப்பாணத்தான். 1990 ஒக்டோபரில் வடமாகாணத்து முஸ்லிம்கள், 70,000க்கு மேற்பட்டவர்கள், விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டார்கள். யாழ்ப்பாண நகரில் கொடுத்த அவகாசம் இரண்டு மணி நேரம். சோனகத் தெரு ஒரே நாளில் வெறிச்சோடியது. 1983 யூலையைப் பற்றி நம் பிள்ளைகளுக்குச் சொல்கிறோம், சொல்லத்தான் வேண்டும். 1981இல் எரிந்த நூலகத்தைப் பற்றிச் சொல்கிறோம். 1990 ஒக்டோபரைச் சொல்வதில்லை. நமக்குச் செய்யப்பட்டது வரலாறு, நாம் செய்ததும் பார்த்துக்கொண்டு நின்றதும் ‘வேற கதை’. ஒரு வெண்கல மணியிலிருந்து ஒரு முஸ்லிம் பெயரை நான் எடுத்துவிட்டபோது, யாரும் எனக்குக் கட்டளையிடவில்லை. கை தானாகவே எடுத்தது. அதுதான் பயமாக இருக்கிறது.

பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு இதெல்லாம் தாங்குமா என்று கேட்பார்கள். அளவும் முறையும் எழுத்தாளன் பார்க்க வேண்டியவை. கொடூரத்தை விவரிக்கத் தேவையில்லை. பக்கத்து மேசைப் பிள்ளை ஒரு நாள் வகுப்புக்கு வரவில்லை, மறுநாளும் வரவில்லை, அந்தக் கதிரையைப் பற்றி ஒருவரும் பேசவில்லை என்று எழுதினால் பன்னிரண்டு வயதுக்கு விளங்கும். அப்படி ஒரு இளையோர் நாவலை நம்மில் ஒருவர் தமிழில் எழுத வேண்டும் என்பதே என் எதிர்பார்ப்பு.

என் நான்கு பக்கத்தைத் திருப்பி எழுதினேன். இப்போது அது உருளைக்கிழங்கில் தொடங்குகிறது. உருளைக்கிழங்கு இந்த நாட்டுக்கு 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் ஐரோப்பியக் கப்பல்களோடு வந்தது. ஆகவே மணிக்குள் அது வெந்தது அதற்குப் பிறகுதான். இதைப் பிள்ளைகளே கண்டுபிடிக்கட்டும் என்று விட்டிருக்கிறேன். உடைந்த மணியைச் சட்டியாக்கிய பெண்களை முன்பு ‘அறியாதவர்கள்’ என்று எழுதியிருந்தேன். கையில் கிடைத்த உலோகத்தில் அடுத்த வேளைச் சோற்றைச் சமைத்தவர்களிடம் என்ன அறியாமை? அந்தச் சொல்லை எடுத்துவிட்டேன். மொகிதீன் இந்தக் கரைக்கு வந்தாரா, மணி மட்டும் வேறு கப்பலில் வந்ததா என்பது தெரியாது என்று அவ்வாறே எழுதி, கீழே அரைப் பக்கம் வெறுமையாக விட்டேன். உங்கள் ஊகத்தை எழுதுங்கள், ஏன் அப்படி நினைக்கிறீர்கள் என்பதையும் எழுதுங்கள் என்று ஒரு குறிப்பு. கடைசியில் இன்னொரு பக்கமும் சேர்ந்தது: நாம் வகுப்புக்கு வரும் இந்தக் கிரேட் சவுத் வீதி, வைகாட்டோ மீது 1863இல் படையெடுப்பதற்காக இராணுவம் போட்ட பாதை, பக்கத்தில் ரரோதொங்கா என்று மாவோரி மக்கள் அழைத்த எரிமலைக் குன்று, கல்லுடைத்துத் தீர்ந்தபின் விளையாட்டரங்கானது.

அந்தப் பிள்ளை இப்போது உயர்தரப் பாடசாலைக்குப் போய்விட்டாள். தம்பியைக் கூட்டிக்கொண்டு போக வந்தவளிடம் புதிய பிரதியைக் கொடுத்தேன். நின்றபடியே வாசித்துவிட்டு, வெறும் அரைப் பக்கத்தைக் காட்டி, “மாமா, இது நான் எழுதலாமோ?” என்று கேட்டாள்.

பேனையைக் கொடுத்தேன்.