ருக்மணிதேவி: மேடையும் திரையும்

சிங்களப் பேசும்படத்தின் வரலாறு, 1947 ஜனவரி 21இல் திரையிடப்பட்ட ‘கடவுனு பொறொந்துவ’வுடன் தொடங்குகின்றது. அதன் நாயகியான ருக்மணிதேவி, 1923இல் றம்பொடையில் தமிழ்க் கிறித்தவக் குடும்பமொன்றிற் பிறந்தவர். இயற்பெயர் டெய்சி இராசம்மா டானியல்ஸ். மாத்தளை, யட்டவத்த, நுவரெலியா என மலைநாட்டு ஊர்களின் கலை வரலாற்றைத் தொகுக்க முனையும் நாம், அவர் சிங்களக் கலைஞர் என்று புறத்தே நிறுத்துதல் பொருந்தாது. இன நல்லுறவின் சின்னம் எனப் போற்றி அமைதல் மட்டும் போதுமானதுமன்று. அவர் எத்தகைய கலைத்தொழிலின் உழைப்பாளி என்பதே எமது வினா.

அவரை உருவாக்கியது மேடை. நீர்கொழும்பைச் சேர்ந்த பி. ஏ. டபிள்யூ. ஜயமான்னவின் மினர்வா நாடகக் குழு நடித்த நாடகமே அம்முதற் படமாயிற்று. தயாரிப்பாளர் எஸ். எம். நாயகம் தமிழர், நெறியாளர் ஜோதிஷ் சிங் வங்காளி, படப்பிடிப்பு நடந்ததோ தென்னிந்தியாவில். ஆகவே, தேசியக் கலையெனப் பின்னர் உரிமை கொண்டாடப்பட்ட ஒன்று, தோற்றத்திலேயே பல மொழியினரின் கூட்டுழைப்பாக இருந்தமை மனங்கொள்ளத்தக்கது. நடிப்பவரே பாடவும் வேண்டும், உணர்ச்சி அரங்கின் கடைசி வரிசையையும் எட்டவேண்டும் என்பன மேடை விதித்த நியதிகள். ருக்மணிதேவியின் மிகையுணர்ச்சி நடிப்பை அந்நியதிகளோடு இணைத்தே நோக்குதல் வேண்டும்.

1956இல் லெஸ்ரர் ஜேம்ஸ் பீரிஸின் ‘ரேகாவ’ வெளிவந்தது. நாடகப்பாங்கையும் இந்தியப் படங்களின் சாயலையும் விலக்கி, கமராவை உண்மையான கிராமத்திற்குக் கொண்டுசென்ற அம்முயற்சி முற்போக்கானதே. எனினும் பழைய உருவத்தை நிராகரித்த விமர்சனம், அவ்வுருவத்திற்குத் தம் குரலையும் உடலையும் அளித்த கலைஞரையும் சேர்த்தே மதிப்பிறக்கும் நிலை தோன்றியது. உருவத்தின் வரம்பு வேறு, கலைஞரின் ஆற்றல் வேறு. சிங்களம் மட்டும் சட்டம் நிறைவேறியதும் அதே ஆண்டிலாகும். மொழி, மக்களைப் பிரிக்கும் எல்லையாக்கப்பட்ட அக்காலத்திலும், தமிழ்ப் பெண்ணொருவரின் குரலைச் சிங்களப் பொதுமக்கள் தமதாகவே கொண்டிருந்தனர். அரசியல் மறுத்ததை இரசனை மறுக்கவில்லை.

ஆயினும் இரசிகரின் அன்பு கலைஞருக்குத் தொழிற் பாதுகாப்பாகிவிடுவதில்லை. இறுதிவரை அவர் இசைமேடைகளிற் பாடினார். 1978 ஒக்டோபர் 28இல், மாத்தறையில் இசை நிகழ்ச்சியொன்றை முடித்துத் திரும்புகையில், ஜா-எல துடெல்லவில் நிகழ்ந்த வீதி விபத்தில் தமது 55ஆவது வயதில் உயிர்நீத்தார். ‘குயில்’ என்னும் புகழ்மொழி இவ்வுழைப்பை மறைத்துவிடுகின்றது. குயில் கூலிக்காகப் பாடுவதில்லை. ருக்மணிதேவிக்கோ பாட்டே தொழில். கலைஞரை உழைப்பாளராகக் காணும் விமர்சனமே அவருக்கு நியாயம் செய்யும்.