பெயர்ந்தோரும் பெயர்க்கப்பட்டோரும்

கடந்த ஆண்டு கொழும்பில் இரண்டு நாட்கள் நடைபெற்ற வரலாற்று ஆய்வரங்கொன்றில் பார்வையாளனாகக் கலந்துகொண்டேன். பொருள், இந்து சமுத்திரத்துப் புலப்பெயர்வு. துறைமுக நகரொன்றுக்குப் பொருத்தமான தலைப்புத்தான். கட்டுரைகள் பலவும் ஆவணச் செறிவு மிக்கவை என்பதை மறுப்பதற்கில்லை. எனினும், முதல் அமர்வில் திரையில் காட்டப்பட்ட வரைபடமொன்று இன்றுவரை என்னை உறுத்துகிறது. வணிகர், நாடு கடத்தப்பட்டோர், கோப்பித் தோட்டத் தொழிலாளர் எல்லோருக்கும் அதில் ஒரே நிற அம்புக்குறி.

அந்த அம்புகளுள் ஒன்று ஷெய்க் யூசுபுடையது. மக்காஸரைச் சேர்ந்த அந்த அறிஞரை ஒல்லாந்தக் கம்பனி 1684இல் இலங்கைக்கு நாடு கடத்தியது. இங்கிருந்து அவர் அறபியில் எழுதியவை ஹஜ் யாத்திரிகர்கள் வழியே சொந்த மண்ணைச் சென்றடைந்தன. அந்தத் தொடர்புக்கு அஞ்சிய கம்பனி 1694இல் அவரை நன்னம்பிக்கை முனைக்கு அனுப்பியது. 1699இல் அங்கேயே காலமானார். ஜாவாவின் மன்னர் மூன்றாம் அமங்குராத்தும் 1708இல் இங்கு கொண்டுவரப்பட்டு 1734இல் இங்கேயே மறைந்தார். இவர்களையும் 'புலம்பெயர்ந்தோர்' என்றே கட்டுரையாளர் குறிப்பிட்டார்.

கேள்வி நேரத்தில் எழுந்து இதைச் சுட்டிக்காட்டினேன். அது நடுநிலையான கலைச்சொல் என்று பதில் கிடைத்தது. அவ்வாறு நான் கருதவில்லை. பெயர்தல் தன்வினை; பெயர்த்தல் பிறவினை. 'பெயர்ந்தார்' என்றால் வாக்கியம் அத்துடன் முடிந்துவிடும். 'பெயர்த்தார்கள்' என்றால் யார், ஏன் என்ற கேள்விகள் உடனே எழும். தன்வினையில் எழுதப்படும் வரலாற்றில் கட்டளையிட்டவன் காணாமற் போய்விடுகிறான்.

எல்லாவற்றையும் இரண்டாகப் பிரித்துவிடலாம் என்றும் சொல்ல வரவில்லை. கோப்பித் தோட்டத் தொழிலாளி தன் கால்களால் நடந்துதான் மலையேறினான். ஆனால் கங்காணியிடம் பட்ட கடனும் அவனோடு ஏறியது. இடைப்பட்ட இந்த நிலையை ஆராய்வதே ஆய்வாளரின் வேலை. 1964ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு ஒதுக்கியது. சென்றவர்களுக்குக் கிடைத்த பெயர் 'தாயகம் திரும்பியோர்'. அவர்களுள் பலர் பிறந்ததே இந்த மண்ணில்தான்.

ஆய்வாளர்களை மட்டும் குறைகூறி நாம் தப்பிவிட முடியாது. 1990 ஒக்டோபரில் வடமாகாண முஸ்லிம்கள் ஏறத்தாழ 75,000 பேரை விடுதலைப் புலிகள் வெளியேற்றினர். யாழ்ப்பாணத்தில் கொடுக்கப்பட்ட அவகாசம் இரண்டு மணித்தியாலம். அதன்பின் புத்தளத்து முகாம்களில் எழுதப்பட்ட கவிதைகளையும் சிறுகதைகளையும் 'இடம்பெயர்ந்தோர் இலக்கியம்' என்றே நம் சஞ்சிகைகள் அழைத்தன. நானும் அவ்வாறே எழுதியிருக்கிறேன். அந்தப் படைப்புகளை மீண்டும் வாசிக்கையில் வெட்கமாக இருக்கிறது. அவற்றை எழுதியவர்கள், பூட்டிய கதவையும் பறிக்கப்பட்ட நகையையும் பறித்த கையையும் மறைக்காமல் எழுதியிருந்தார்கள். தன்வினையாக்கியது விமர்சகர்களாகிய நாமே.

அந்த ஆய்வரங்கில் இலக்கியத்துக்கென ஓர் அமர்வுகூட இருக்கவில்லை. கம்பனியின் பதிவேடு கட்டளையின் திகதியைத் தரும். கட்டளைக்கு ஆளானவன் அன்றிரவு என்ன நினைத்தான் என்பதை அவன் எழுதியதிலோ, அவன் பிள்ளைகள் பாடியதிலோதான் தேட வேண்டும். அடுத்த முறை வரைபடம் வரைவோர் அவற்றையும் வாசித்துவிட்டு அம்புகளுக்கு நிறம் தீட்டட்டும். நாமும் நமது பழைய தலைப்புகளைத் திருத்திக்கொள்வோம்.