ஜே.பி. சந்திரபாபு: எடுக்கப்படாத படமும் இயக்குநரும்

ஜே.பி. சந்திரபாபு (ஆகஸ்ட் 5, 1927 - மார்ச் 8, 1974) தமிழ்த் திரைப்பட நடிகர், பாடகர், இயக்குநர். நகைச்சுவை நடிகராகவும் 'குங்குமப்பூவே', 'பம்பரக் கண்ணாலே' போன்ற பாடல்களுக்காகவும் நினைவுகூரப்படுபவர். அவர் இயக்கி வெளிவந்த படம் 'தட்டுங்கள் திறக்கப்படும்' (1966). அதற்கு முன் எம்.ஜி.ஆரை நாயகனாகக் கொண்டு அவர் இயக்கத் தொடங்கிய 'மாடி வீட்டு ஏழை' பாதியில் நின்றது. நின்றுபோன அந்தப் படம் பொதுவாக இரு நடிகர்களுக்கு இடையிலான சண்டைக் கதையாகவே சொல்லப்படுகிறது. சந்திரபாபு என்ற இயக்குநரை அந்தக் கதை மறைத்துவிட்டது.

பின்னணி

சந்திரபாபு தூத்துக்குடியில் கத்தோலிக்கப் பரதவர் குடும்பத்தில் பிறந்தார். முழுப்பெயர் ஜோசப் பனிமயதாஸ் ரோட்ரிக்ஸ் சந்திரபாபு. 'பனிமயதாஸ்' தூத்துக்குடி பனிமய மாதாவின் பெயரிலிருந்து வந்தது. மாதா கோயிலின் திருவிழா நாளும் ஆகஸ்ட் 5. முத்துக்குளித்துறைப் பரதவர்கள் 16-ஆம் நூற்றாண்டில் போர்த்துகீசியர் காலத்தில் கத்தோலிக்க மதம் தழுவியவர்கள். 'ரோட்ரிக்ஸ்' போன்ற குடும்பப் பெயர்கள் அந்த உறவின் எச்சம். கோயில் இசை, மேற்கத்திய வாத்தியங்கள், கொழும்புடனான கடல்வழித் தொடர்பு ஆகியவை இக்கரையின் அன்றாட வாழ்வில் கலந்தவை.

தந்தை விடுதலைப் போராட்டத்தில் ஈடுபட்டவர். குடும்பம் கொழும்புக்கு இடம்பெயர்ந்தது. சந்திரபாபுவின் இளமை அங்கே கழிந்தது. பின்னர் குடும்பம் சென்னை திருவல்லிக்கேணியில் குடியேறியது. 'தன அமராவதி' (1947) அவரது முதல் படம். தமிழ்த் திரையில் 'யோடலிங்' என்னும் மேற்கத்தியப் பாடல் முறையைப் பரவலாக்கியவர் அவர். மேற்கத்திய நடனமும் சென்னைத் தமிழும் அவரிடம் இயல்பாகச் சேர்ந்ததற்கு துறைமுக ஊர்களில் உருவான அந்த வளர்ப்பு ஒரு காரணம்.

படத்துக்குள் இயக்குநர்

இயக்குநர் ஆவதற்கு முன்பே பிறர் படங்களில் தனி அலகாக இயங்கியவர் சந்திரபாபு. ஏவி.எம். தயாரித்த 'சகோதரி' (1959) இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. படம் முடிந்தபின் அதில் ஏதோ குறைவதாகத் தயாரிப்பாளர் ஏ.வி. மெய்யப்பன் கருதினார். சந்திரபாபு பால்காரராக நடிக்கும் நகைச்சுவைப் பகுதி தனியாக எடுக்கப்பட்டுப் படத்தில் இணைக்கப்பட்டது. 'நான் ஒரு முட்டாளுங்க' பாடல் அப்படி வந்ததே. முடிந்த ஒரு படத்தின் ஓட்டத்தை மாற்றும் வலு அவருக்கு இருந்தது என்பதைத் தொழில்துறை ஏற்றுக்கொண்டதன் அடையாளம் இது. 'சபாஷ் மீனா'வில் (1958) இரட்டை வேடத்தில் கதையின் பெரும் பகுதியைச் சுமந்தார்.

இந்த வெற்றிகள் அவருக்கு ஒரு தவறான நம்பிக்கையையும் தந்திருக்கக்கூடும். ஒரு படத்தின் உள்ளே தன் பகுதியை விரும்பியபடி அமைப்பது நடிகரின் சுதந்திரம். ஒரு படத்தையே அமைப்பது பணம், தேதி, பிறர் ஒத்துழைப்பு ஆகியவற்றின் மேல் நிற்பது.

மாடி வீட்டு ஏழை

1960களின் முதற்பாதியில் சந்திரபாபு தானே கதை எழுதி, இயக்குநராகப் பொறுப்பேற்று இப்படத்தைத் தொடங்கினார். நாயகன் எம்.ஜி.ஆர். இருவரும் 'குலேபகாவலி' (1955), 'மகாதேவி' (1957), 'நாடோடி மன்னன்' (1958) போன்ற படங்களில் சேர்ந்து நடித்தவர்கள். சில நாள் படப்பிடிப்புக்குப் பின் படம் நின்றது. எம்.ஜி.ஆரின் தேதிகள் கிடைக்கவில்லை என்பதும், அவருடைய அண்ணன் எம்.ஜி. சக்கரபாணியுடன் கடும் வாக்குவாதம் நடந்தது என்பதும் சந்திரபாபுவின் தரப்பாகச் சொல்லப்படுவது. கேசவப் பெருமாள்புரத்தில் அவர் ஆசையுடன் கட்டிய வீடு இந்தக் கடனில் கைவிட்டுப் போனது என்றும் சொல்லப்படுகிறது.

இந்த வரலாறு இருவகையில் கூறப்படுகிறது. ஒன்று, எம்.ஜி.ஆர். வேண்டுமென்றே சந்திரபாபுவை வீழ்த்தினார் என்பது. மற்றொன்று, சந்திரபாபுவின் வாயே அவருக்கு எதிரியானது என்பது. இரண்டுமே குணச்சித்திரங்கள். படம் ஏன் நிற்கக்கூடிய நிலையில் இருந்தது என்பதை இரண்டும் விளக்குவதில்லை.

1963-இல் மட்டும் எம்.ஜி.ஆர். நடித்த ஒன்பது படங்கள் வெளியாயின. அவற்றில் 'தர்மம் தலைகாக்கும்', 'நீதிக்குப்பின் பாசம்' ஆகியவை தேவர் பிலிம்ஸ் தயாரிப்புகள். தொடர்ந்து படமெடுத்த அத்தகைய நிறுவனங்களுக்கு நாயகனின் கால்ஷீட்டில் ஓர் இடம் உறுதியாக இருந்தது. ஒரே ஒரு படத்துடன் வரும் புதிய இயக்குநருக்கு அது இல்லை. அன்றைய முறையில் நாயகனின் பெயரைச் சொல்லியே விநியோகஸ்தரிடம் முன்பணம் பெற முடியும். நாயகன் தேதி தராதபோது வட்டி மட்டும் ஓடும். படத்தின் ஆதாரமும் ஆபத்தும் ஒரே மனிதராக இருந்தார்.

நாடோடி மன்னனுடன் ஓர் ஒப்பீடு

நடிகர் ஒருவர் தன் உடைமைகளைப் பணயம் வைத்துப் படம் இயக்குவது தமிழில் புதிதல்ல. என்.எஸ். கிருஷ்ணன் 'மணமகள்' (1951), 'பணம்' (1952) ஆகியவற்றை இயக்கினார். எம்.ஜி.ஆர். தன் சொந்த நிறுவனத்தில் 'நாடோடி மன்ன'னைத் தயாரித்து இயக்கினார். சந்திரபாபு அதில் நடித்தவர், அந்தச் சூதாட்டத்தை அருகிலிருந்து பார்த்தவர். ஆனால் எம்.ஜி.ஆர். நம்பியிருந்த நாயகன் எம்.ஜி.ஆர். தான். படப்பிடிப்பு நீண்டாலும் நாயகன் வராமல் போக வாய்ப்பில்லை. சந்திரபாபு அந்தத் துணிவை எடுத்துக்கொண்டார், அதைத் தாங்கிய ஏற்பாட்டைக் கவனிக்கவில்லை.

இதில் ஒரு முரணும் உண்டு. கண்ணதாசன் தயாரித்த 'கவலை இல்லாத மனிதன்' (1960) படத்தில் சந்திரபாபு நாயகன். அவர் படப்பிடிப்புக்கு ஒழுங்காக வராததால் பட்ட துன்பத்தைக் கண்ணதாசன் பின்னாளில் பதிவு செய்திருக்கிறார். தயாரிப்பாளரைக் காக்கவைக்கும் வழக்கம் ஒரு தனிமனிதரின் கெடுதி அல்ல, அன்றைய திரையுலகின் நடைமுறை என்பதற்குச் சந்திரபாபுவே இரு பக்கத்துச் சாட்சி.

தட்டுங்கள் திறக்கப்படும்

1966-இல் வெளிவந்த இப்படத்தை நின்றுபோன படத்துக்கான பதிலாக வாசிக்கலாம். தலைப்பு மத்தேயு நற்செய்தியில் வரும் புகழ்பெற்ற தொடர். நாயகி சாவித்திரி. நாயகன் சந்திரபாபுவே. இம்முறை அவர் எந்த நட்சத்திரத்தின் தேதிக்கும் காத்திருக்க வேண்டியதில்லை. ஆனால் தேதிச் சிக்கல் தீர்ந்த இடத்தில் வியாபாரச் சிக்கல் தொடங்கியது. நகைச்சுவைக்காக அவரைத் தேடிவந்த பார்வையாளர்கள் தீவிரமான நாயகனாக அவரை ஏற்கவில்லை. படம் வணிகரீதியில் தோற்றது. ஆக, நட்சத்திரம் இருந்தால் படம் முடியாது, நட்சத்திரம் இல்லாவிட்டால் படம் ஓடாது என்ற இரு முனைகளையும் சில ஆண்டுகளுக்குள் தொட்டவர் அவர்.

பின்னர் எம்.ஜி.ஆரின் 'பறக்கும் பாவை' (1966), 'அடிமைப் பெண்' (1969) ஆகியவற்றில் சந்திரபாபு நடித்தார். முழுப் பகையாகச் சொல்லப்படும் கதை இந்தப் படங்களைக் கணக்கில் கொள்வதில்லை. அதே சமயம், இயக்குநராக விரும்பிய ஒருவர் மீண்டும் துணை வேடத்துக்குத் திரும்பியதும் அதில் இருக்கிறது.

மதிப்பீடு

'மாடி வீட்டு ஏழை' என்ற தலைப்பு சந்திரபாபுவின் பிற்கால வறுமைக்குத் தீர்க்கதரிசனம் போலப் பலராலும் எடுத்தாளப்படுகிறது. இது கவர்ச்சியான வாசிப்பு, ஆனால் நியாயமற்றது. அது ஒரு கலைஞர் யோசித்து வைத்த கதைத் தலைப்பு. 1981-இல் அதே தலைப்பில் சிவாஜி கணேசன் நடித்த வேறொரு படம் வெளிவந்தது. அங்கே யாரும் அதைத் தீர்க்கதரிசனமாக வாசிக்கவில்லை.

சத்யஜித் ரேயின் 'தி ஏலியன்', ஸ்டான்லி குப்ரிக்கின் 'நெப்போலியன்' ஆகியவையும் எடுக்கப்படாதவை. அவற்றின் திரைக்கதைகள் நூலாகி, இயக்குநரின் சிந்தனைக்குச் சான்றாகப் படிக்கப்படுகின்றன. தமிழில் நின்றுபோன படம் வம்பாக மட்டுமே எஞ்சுகிறது. சந்திரபாபு எதை எடுக்க நினைத்தார் என்பதைவிட எவருடன் சண்டையிட்டார் என்பதே அரை நூற்றாண்டாகப் பேசப்பட்டிருக்கிறது. அவருடைய இயக்கத் திறனை மதிப்பிட விரும்புபவர் தொடங்கவேண்டிய இடங்கள் 'தட்டுங்கள் திறக்கப்படும்' படமும், 'சகோதரி'யில் இணைக்கப்பட்ட அந்த நகைச்சுவைப் பகுதியும்தான். இரண்டையும் பார்த்தபின் மூன்றாவது படத்தின் இழப்பு எவ்வளவு என்பதை ஓரளவு கணிக்கலாம்.